பெட்டியும் பெட்டையும்

குண்டு பல்பு இப்போது எல்லா மின்சாரக் கடைகளிலும் கிடைப்பதில்லை. மேல் அடுக்கில் தூசி படிந்த அட்டைப்பெட்டிக்குள் நாலைந்து கிடக்கும். கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கோழிக்கா?" என்பார். வெளிச்சத்துக்காக அதை வாங்குகிறவர்கள் அநேகமாக இல்லை. தின்கிற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சூடாகவே வீணடிக்கிறது என்பதுதான் அதன் மேல் இருந்த புகார். எல்.ஈ.டி. வந்து அதை ஓரங்கட்டியதும் அதனால்தான். அந்தக் குறையே இன்று அதைக் கொஞ்சமாவது பிழைக்க வைத்திருக்கிறது. மீன் வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்று, 40 வாட் பல்பு இரண்டு, பழைய கணினியிலிருந்து கழற்றிய சின்ன விசிறி, சூட்டைப் பார்த்துப் பல்பை அணைத்தும் எரித்தும் காக்கிற தெர்மோஸ்டாட் பலகை, ஒரு கிண்ணம் தண்ணீர். வீட்டில் கிடக்கும் சாமான்களைச் சேர்த்துக்கொண்டால் ஆயிரம் ரூபாய்க்குள் இன்குபேட்டர் தயார். மூடியில் கண்ணாடித் துண்டு பதிப்பது ஆடம்பரம். ஆனால் அந்த ஆடம்பரம் அவசியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தத் தெர்மோஸ்டாட்டின் பூர்வீகத்திலேயே முட்டை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வாழ்ந்த டச்சுக்காரர் கார்னீலியஸ் ட்ரெபெல், சூடு ஏறினால் விரியும் திரவத்தைக் கொண்டு அடுப்பின் காற்றுவழியைத் தானாக மூடவும் திறக்கவும் செய்தார். அதை அவர் பயன்படுத்திய இடங்களில் ஒன்று குஞ்சு பொரிக்கும் பெட்டி. ஏ.சி.யிலும் இஸ்திரிப் பெட்டியிலும் இன்று யாரும் கவனிக்காமல் சூட்டை அளந்துகொண்டிருக்கும் கருவிகளின் முன்னோர் வரிசையில் ஒரு அடைபெட்டியும் நிற்கிறது.

ட்ரெபெல்லுக்கும் வெகுகாலம் முன்பே எகிப்தியர்கள் இதைச் செய்துகாட்டிவிட்டார்கள். அங்கே முட்டைகளைக் கோழியில்லாமல் எருக்குவியலில் புதைத்துப் பொரிக்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அது மண்செங்கல் சூளைகளாக வளர்ந்தது. உள்ளே ஆள் தவழ்ந்து போகும் அறைகள், மேலே சாணமும் வைக்கோலும் புகைகிற தணல், ஆயிரக்கணக்கில் முட்டைகள். வெப்பமானி கிடையாது. வேலைக்காரர் முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்ப்பார். உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான்; சூடு சற்றே கூடினாலும் இமைக்குத் தெரிந்துவிடும். இந்தச் சூளைகளை ஐரோப்பாவில் நகலெடுக்க முயன்ற பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1749இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். குதிரைச் சாணத்தில் பீப்பாய்களைப் புதைத்து அவர் சோதனை செய்தார். வெப்பமானிக்குத் தன் பெயரில் ஓர் அளவுகோலையே தந்த மனிதர், படிப்பறியாத சூளைக்காரரின் இமையோடு போட்டி போட வேண்டியிருந்தது.

என் அபிப்பிராயத்தில் இந்தப் பெட்டியின் விஷயமே அதில்தான் இருக்கிறது. லட்ச ரூபாய் இயந்திரத்தில் முட்டையை அடுக்கிப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்விடலாம். அதுவே திருப்பும், ஈரப்பதம் பார்க்கும், கரண்டு போனால் மணி அடிக்கும். மலிவுப் பெட்டி கோழி செய்கிற வேலைகளில் ஒன்றே ஒன்றைத்தான் ஏற்றுக்கொள்கிறது: சூடு. மற்றதெல்லாம் நம் தலையில். விலை குறையக் குறைய மனிதன் அதிகம் கோழியாக வேண்டியிருக்கிறது.

கோழி என்னவெல்லாம் செய்கிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அடைக்கு உட்கார்ந்த கோழியைப் பார்த்தால் சும்மா இருப்பதன் மறுவடிவம் மாதிரி இருக்கும். கண் பாதி மூடியிருக்கும், கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு உறுமும், அவ்வளவுதான். உண்மையில் புரோலாக்டின் என்ற சுரப்பு அதன் உடம்பையே மாற்றி வைத்திருக்கிறது. முட்டையிடுவது நின்றுபோகும். அடிவயிற்றில் இறகு உதிர்ந்து, தோலுக்கடியில் ரத்தநாளங்கள் பெருகி, முட்டையின் மேல் வெறும் தோல் படிகிறது. நாளுக்கு ஒரு தடவை எழுந்து, கால் மணி, இருபது நிமிடத்துக்குள் தின்று, குடித்து, ஊரே மூக்கைப் பொத்தும்படி ஒரு பெரிய எச்சம் போட்டு, புழுதியில் ஒரு புரளல் புரண்டுவிட்டு ஓடி வந்து உட்கார்ந்துகொள்ளும். இடையில் அலகாலும் வயிற்றாலும் முட்டைகளைத் தள்ளிப் புரட்டிக்கொண்டே இருக்கும். ஓரத்து முட்டை நடுவுக்கு வரும், நடுமுட்டை ஓரத்துக்குப் போகும்.

இந்தப் புரட்டல்தான் பெட்டி வைத்திருப்பவனின் அன்றாடக் கடமை. மஞ்சள் கரு கொழுப்பு மிகுந்தது, மிதக்கும். முட்டை ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு மேலே வந்து ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். முதல் வாரத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டு, ஒரு நாளைக்கு மூன்று முறையாவது, முடிந்தால் ஐந்து முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படை எண்ணில் திருப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரவு நீளமானது, நேற்றிரவு பெருக்கல் மேலே கிடந்திருந்தால் இன்றிரவு வட்டம் மேலே வர வேண்டும். கோழி எண்ணுவதில்லை. ஆனால் அது இரவிலும் திருப்புகிறது.

சூட்டுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 37.5 டிகிரி செல்சியஸ், 21 நாள். விசிறி இல்லாத பெட்டியில் அந்த எண் ஏமாற்றிவிடும். சூடான காற்று மேலே தேங்கிக்கொண்டு, முட்டையின் தலைக்கு ஒரு தட்பவெப்பம், அடிக்கு ஒரு தட்பவெப்பம் என்றாகும். அப்படிப்பட்ட பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் ஒன்றோ ஒன்றரையோ டிகிரி கூடுதலாக வைக்கச் சொல்வார்கள். தொண்டுக் கிழமாகிப்போன கணினி விசிறி ஒன்று இந்தத் தலைவலியைத் தீர்த்துவிடுகிறது.

சூடு குறைவதைப் பற்றித்தான் புதிதாகப் பெட்டி வைத்தவர்கள் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கரண்டு போனதும் கம்பளி போர்த்தி, வெந்நீர்ப் பாட்டில் வைத்து, கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். கோழி எழுந்து மேயப் போனதை இருபது நிமிடம் தாங்கிய முட்டை, மூடிய பெட்டிக்குள் ஒரு மணி நேரக் கரண்டு வெட்டையும் தாங்கும். பொரிப்பு சற்றுத் தாமதமாகலாம். கொல்வது சூடுதான். 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் பெட்டி முழுவதும் போய்விடும். தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு வந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட்டுக்குப் பல்பை அணைக்கத்தான் தெரியும், அறையைக் குளிர்விக்கத் தெரியாது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்துவிட்டு நம் ஊர் மே மாதத்தில் முட்டை வைப்பவர்களுக்கு இது பிடிபட நாளாகும்.

கோடையின் கொடுமை முட்டை பெட்டிக்குள் போகும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. கோழி உடம்பைவிட்டு வெளியே வரும்போதே கருக்கூடிய முட்டைக்குள் ஆயிரக்கணக்கில் உயிரணுக்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே அவை உறங்கும். அதற்கு மேலே அரைகுறையாக விழித்துக்கொள்ளும். வளரவும் போதாத, உறங்கவும் விடாத சூடு அது. 35 டிகிரி சமையலறையில் ஒரு வாரம் கிடந்த முட்டை அப்படி விழித்து விழித்தே களைத்துப்போகிறது. கிராமத்துப் பெண்கள் ஈரமணல் பரப்பிய மண்பானைக்குள் முட்டை சேர்த்து வைத்தது இதனால்தான். கோழி பன்னிரண்டு, பதினைந்து இட்டு முடித்து அடைக்கு உட்காரும்வரை அந்தப் பானைதான் காவல். ஒரு வாரத்துக்கு மேல் ஆனதை அடை வைக்காமல் ஆம்லெட் போடுவார்கள். கழுவவும் மாட்டார்கள். இட்டவுடன் ஓட்டின் மேல் காய்ந்து படிகிற மெல்லிய பூச்சு கிருமியைத் தடுக்கிறது. கழுவினால் அது போய்விடும்.

முட்டையோடு வரமிளகாயும் கரித்துண்டும் ஒரு இரும்பாணியும் போட்டு வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருக்கவாம். இப்போது இதற்கும் விஞ்ஞான விளக்கம் சொல்லக் கிளம்பியிருக்கிறார்கள்: கரி ஈரத்தை உறிஞ்சுமாம், இரும்பு இடியை இழுக்குமாம். எனக்கு இந்த விளக்கங்களைவிட அந்த நம்பிக்கையே தேவலாம் என்று தோன்றுகிறது. இருபத்தோரு நாள் மூடிக் கிடக்கிற ஒன்றுக்கு முன்னால் மனுஷன் வெறுங்கையோடு நிற்க முடியாமல் எதையாவது போட்டு வைக்கிறான். டிஜிட்டல் எண் 37.5 காட்டுகிறபோதே நான் ராத்திரி எழுந்து போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேனே, அதை மட்டும் என்னவென்று சொல்வது?

தண்ணீர்க் கிண்ணத்தின் வேலை நுட்பமானது. முட்டை ஓட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே 21 நாளில் ஒரு முட்டை சுமார் ஆறு லிட்டர் ஆக்சிஜனை உள்ளே இழுத்து, நாலரை லிட்டர் கரியமில வாயுவையும் பதினோரு லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள்! நீர் வெளியேற வெளியேற மழுங்கிய முனையில் காற்றறை பெரிதாகிறது. பதினெட்டாம் நாளில் முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்கு போல இழந்திருக்க வேண்டும். ஈரம் அதிகமாக இருந்தால் காற்றறை சிறுத்து, ஓட்டை உடைக்கும் முன்பே குஞ்சுக்கு மூச்சு முட்டும். குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். முதல் பதினெட்டு நாள் ஐம்பது சதவீதத்தை ஒட்டியும், கடைசி மூன்று நாள் அறுபத்தைந்துக்கு மேலும் என்பது வழக்கமான கணக்கு. கடலோர ஊரில் கிண்ணத்தை எடுத்துவிடுகிறவர்களும், உள்நாட்டு வறட்சியில் ஸ்பாஞ்சை நனைத்து வைக்கிறவர்களும் ஒரே எண்ணைத்தான் துரத்துகிறார்கள்.

ஏழாம் நாள் இருட்டறையில் மொபைல் டார்ச்சின் மேல் முட்டையை நிறுத்தும்போது, மலிவுப் பெட்டிக்காரனுக்கு மட்டும் வாய்க்கிற ஒன்று வாய்க்கிறது. ஓடு ஆரஞ்சாக ஒளிரும். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்தியின் கால்கள் போல ரத்தநாளங்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் புள்ளி அசையும். ஒன்றும் இல்லாமல் வெறுமனே ஒளிர்ந்தால் கருக்கூடாதது; நாளங்கள் கலைந்து ரத்த வளையம் மட்டும் நின்றால் தொடங்கிச் செத்தது. அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளை வெவ்வேறு நாட்களில் உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் வெள்ளைக்கருவில் துடிக்கிற ரத்தப்பொட்டுதான் இதயம் என்று எழுதி வைத்தார். அவர் அதைப் பார்க்க ஓர் உயிரைச் செலவழிக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு டார்ச் போதும். பள்ளிக்கூடங்களில் உயிரியலைப் படம் வரைந்து பாகம் குறிக்க வைக்கிற ஆசிரியர்கள் ஏன் வகுப்புக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி வைத்துக்கொள்வதில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது.

பதினெட்டாம் நாளோடு திருப்புவது நிற்கிறது. இனி மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, ஓட்டைப் பாதி உடைத்த குஞ்சின் மேல் சவ்வு காகிதம் போல் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் துண்டு அவசியம் என்று சொன்னது இதற்காகத்தான். பத்தொன்பதாம் நாளை ஒட்டிக் குஞ்சு அலகால் காற்றறையைக் குத்தி முதல் மூச்சு விடுகிறது. அப்போதே சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். உடையாத முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்று வருவதை முதல் தடவை கேட்கிறவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். அடைக்கோழி அதற்குத் தொண்டைக்குள் பதில் சொல்லும். பெட்டிக்குள் பதில் சொல்வது விசிறிதான். ஆனால் முட்டைகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன. காடை முட்டைகளை வைத்து 1960களில் மார்கரெட் வின்ஸ் செய்த சோதனைகளில், முந்திவிட்ட முட்டைகளின் சொடுக்குச் சத்தம் பக்கத்தில் பிந்தியிருப்பவற்றை அவசரப்படுத்தி, எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிக்க வைத்தது தெரிந்தது. கூட்டைவிட்டு ஒன்றாகக் கிளம்ப வேண்டிய பறவைகளுக்கு இது உயிர்ப்பிரச்சினை.

முதல் துளை விழுந்த பிறகு பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. நம் கை பரபரக்கும். ஓட்டைக் கொஞ்சம் உரித்துவிட்டால் என்ன? உரிக்கக் கூடாது. உள்ளே சும்மா இருப்பது போல் தெரிகிற குஞ்சு அப்போதுதான் சவ்வின் நாளங்களிலுள்ள ரத்தத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டிருக்கிறது. மிச்ச மஞ்சள் கருவை முழுதாக வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு உதவினால் ரத்தம் கசியும். அது முடிந்தபின் அலகு நுனியிலுள்ள கொம்புப்பல்லால் மழுங்கிய முனையைச் சுற்றி ஓட்டை வெட்டிக்கொண்டே வந்து, மூடியை உதைத்துத் தள்ளிவிட்டு ஈரமாக விழும். கோழியும் இந்த நேரத்தில் உதவுவதில்லை. அது உட்கார்ந்தே இருக்கும்.

உள்வாங்கிய மஞ்சள் கரு மூன்று நாள்வரை குஞ்சைத் தாங்கும். கூட்டில் முதலில் பொரித்தவை கடைசி முட்டைக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதால் அமைந்த ஏற்பாடு அது. மனிதன் அதைக் கண்டுபிடித்துக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி ஊர்விட்டு ஊர் அனுப்பினான். அமெரிக்கத் தபால்துறை 1918இலேயே அவற்றைப் பார்சலாக ஏற்றுக்கொண்டது. தாய் இல்லாமல் குஞ்சு, குஞ்சு இல்லாமல் தாய் என்ற இன்றைய கோழித்தொழில் முழுவதும் அந்த மூன்று நாள் இருப்பில்தான் நிற்கிறது.

பெட்டியால் சுத்தமாக முடியாத வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. 21 நாள் அடையிருந்த கோழிக்கு அதைவிட நீண்ட வேலை வெளியில் காத்திருக்கிறது. மண்ணைக் கிளறி, 'கொக்கொக்' என்று கூப்பிட்டு, இதைத் தின்னு என்று அலகால் காட்டும். மழை வந்தால் சிறகை விரித்துக் கூரையாகும். பருந்தின் நிழல் விழுந்ததும் ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் இருந்த இடத்திலேயே மறையும். பெட்டிக் குஞ்சுக்கு மறுபடியும் பல்புதான். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வர வேண்டும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பார்ப்பது மேல்: பல்படியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது, சுவரோரம் வாய் பிளந்து நின்றால் சுடுகிறது, பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. பொரித்து முதலில் கண்ட அசையும் பொருளின் பின்னால் குஞ்சு போகும் என்பதை டக்ளஸ் ஸ்பால்டிங் 1873லேயே எழுதிவிட்டார். எங்கள் வீட்டில் அவை என் ரப்பர் செருப்பின் பின்னால் வந்தன. செருப்புக்குப் பருந்தைத் தெரியாது.

விவரம் தெரிந்தவர்கள் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். அடையிலிருக்கும் சிறுவிடைக் கோழி ஒன்று பொரித்துக்கொண்டிருக்கும் அதே இரவில், இருட்டில், பெட்டிக் குஞ்சுகளையும் அதன் வயிற்றடியில் தள்ளிவிடுவார்கள். விடிந்ததும் எல்லாவற்றையும் தன்னுடையது என்று கூட்டிக்கொண்டு போகும். சிறுவிடை கேள்வி கேட்காது. பகலில் அதையே செய்தால் கொத்திக் கொன்றுவிடவும் கூடும்.

ஆனால் அடைக்கு உட்கார ஒரு கோழி வேண்டுமே. நாட்டுக்கோழி ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு இடும். ஒவ்வொரு ஈடுக்கும் பிறகு அடையும் குஞ்சு வளர்ப்புமாக மாதக்கணக்கில் முட்டை நின்றுவிடும். முட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்து, அடைக்கு ஏங்கும் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, அல்லது மூக்கில் இறகைச் செருகி ஏக்கத்தைத் தெளிய வைத்தால், சீக்கிரமே மறுபடி இடத் தொடங்கும். கணக்குக்கு அது லாபம். அந்தக் கணக்கின் மறுமுனையில் நாமக்கல் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் 1879இல் லைமன் பைஸ் என்பவர் செய்து விற்ற இன்குபேட்டர் அந்த ஊரையே முட்டை நகரமாக்கியது. அடைகாப்பு இயந்திரத்தின் வேலையானதும், அடைக்கு உட்காராத கோழிதான் நல்ல கோழி என்றாகிவிட்டது. நாமக்கல் கூண்டுகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் அநேகமாக அடைக்கு உட்காருவதே இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த ஏக்கத்தைக் கழித்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. சேவலையே பார்த்திராததால் அவற்றின் முட்டையைப் பெட்டியில் வைத்தாலும் பொரிக்காது. நம் தெர்மாகோல் பெட்டியும் அதே பாதையில் ஓர் அடிதான் என்று எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்காகக் கோழியைத் தெய்வமாக்கவும் விருப்பமில்லை. மிதித்து உடைக்கிற கோழி உண்டு, பத்தாம் நாள் எழுந்து போய்விடுகிற கோழி உண்டு, அடையிலிருக்கும்போதே பாம்பு வந்து முட்டையை விழுங்கிப்போகிற இரவுகளும் உண்டு.

பெட்டி வந்தபிறகு மாறியது இன்னொன்று. கிராமத்து வீடுகளில் ஆடு மாடு ஆம்பிளை கணக்கு, கோழி பொம்பிளை கணக்கு. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் சிறுவாட்டில் சேரும். யாரும் கேட்க மாட்டார்கள். கோழி இல்லாதவளுக்குக் கோழி உள்ளவள் ஒரு பெட்டையை வாரத்துக்குக் கொடுத்து, வளர்ந்த குஞ்சில் பாதியை வாங்கிக்கொள்வாள். சர்க்யூட் பலகையும் சால்டரிங்கும் வந்ததும் பெட்டி சத்தமில்லாமல் பையன்களின் கைக்குப் போனது. எங்கள் தெருவில் அதை யார் பக்கம் எழுதுவது என்று தீர்மானமாகுமுன்பே பக்கத்து வீட்டு அப்பத்தா தூக்குவாளியில் தவிடு போட்டு முட்டைகளோடு வந்துவிட்டார்.

"என்னடா பேராண்டி, வாரம் எப்படி? பாதிக்குப் பாதியா?"

"வாரமெல்லாம் வேண்டாம் அப்பத்தா, சும்மா வச்சுத் தாரேன்."

"கோழியக் குடுத்தா அதுக்குத் தீனி போடணும், பாதி கேக்குறதுல ஞாயம் இருக்கு. ஒம் பொட்டிக்குக் கரண்டு பில்லு யாரு கட்டுறது? சும்மா வச்சா நாளைக்குப் பேச்சு வரும். நாலுக்கு ஒண்ணு எடுத்துக்க."

நாலுக்கு ஒன்று என்று முடிவாயிற்று. முட்டைகளில் அவர் பெயரின் முதலெழுத்தைப் பென்சிலால் எழுதினேன். அதைப் பார்த்து அவர் சிரித்தார். "எழுத்து ஓட்டுலதான இருக்கு, குஞ்சுலயா இருக்கு?" பிறகு அவரே வழியும் சொன்னார்: அவர் சேவல் கழுத்தறுத்தான், குஞ்சின் கழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மொட்டைக்கழுத்து ஓங்கு பண்பு என்பது உண்மைதான். ஆனால் சேவல் கலப்பாக இருந்து, பெட்டை சாதாரணக் கோழியாகவும் இருந்தால் பாதிக் குஞ்சுகள் கழுத்து நிறைய மயிரோடுதான் பிறக்கும். அந்தப் பாதி என் கணக்கில் சேர்ந்துவிடும் என்றேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப பொரிக்கிற மூணு நாளைக்கு மட்டும் ஏம் முட்டைக மேல பழக்கூடையக் கவுத்து வச்சுரு. வெரல் நொழையுற ஓட்டை இருந்தா போதும், காத்துப் போகும்" என்று சொல்லிவிட்டு, வாளியில் மிச்சமிருந்த தவிட்டை என் கோழிகளுக்கு வீசிவிட்டுப் போனார்.